கைக்கு வேலை, மனதுக்கு மருந்து!

காலை 8 மணி. திருப்பூர் பரபரப்பாக இருக்கிறது.

பஸ்சிலிருந்து கூட்டம் இறங்குகிறது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. காலில் அவசரம். பனியன் கம்பெனிகளின் கதவுகள் திறக்கின்றன. கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின்களின் சத்தம் தெருவெங்கும் கேட்கும்.

கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுகிறார். டெய்லர் தைக்கிறார். கைமடிக்கும் பெண் துணியை எடுத்துக் கொடுக்கிறாள். ஒருவர் பிசிறு வெட்டுகிறார். ஒருவர் செக்கிங் பார்க்கிறார். ஒருவர் இஸ்திரி போடுகிறார். ஒருவர் பெட்டியில் அடுக்குகிறார். வீட்டுத் திண்ணையில்கூட பனியன்களைக் குவித்து வைத்துக்கொண்டு பிசிறு எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம்.

கைகள் ஓயாத ஊர் இது.

இந்த ஊரிலும் சில கைகள் சும்மா கிடக்கின்றன. யாருடைய கைகள் அவை?

முதியோர் இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பெரியவர்களின் கைகள்தான்!

ஓர் ஆத்தா

ஓர் ஆத்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 72.

முப்பது வருடம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். முதலில் கைமடி. பிறகு பிசிறு வெட்டும் வேலை. கடைசியில் செக்கிங். ஒரு பனியனைக் கையில் எடுத்தால் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று நொடியில் சொல்லிவிடுவார்.

கணவர் காலமாகிவிட்டார். மகன் வெளியூரில் இருக்கிறான். ஒருநாள் ஆத்தாவுக்கு லேசான பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை பலம் இழந்தது. தனியாக விட முடியாது என்று மகன் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான்.

இல்லத்தில் குறை ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு வருகிறது. மாத்திரை வருகிறது. டெலிவிஷன் பெட்டி ஓடுகிறது.

ஆத்தா எழுந்தால், "நீங்க எதுக்குங்க ஆத்தா எந்திரிக்கறீங்க? சும்மா உக்காருங்க" என்கிறாள் ஆயா. தண்ணீர் எடுக்கப் போனால், "நான் எடுத்துத் தர்றேனுங்க" என்கிறாள். சேலை மடித்தால் வாங்கிக்கொள்கிறாள். எல்லாம் அன்புதான்!

ஆறு மாதம் போயிற்று. மகன் பார்க்க வந்தான். ஆத்தா அதிகம் பேசவில்லை. தானாக எழுந்து நிற்கவும் முடியவில்லை.

"அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டதா?" என்று கேட்டான்.

நோய் முற்றவில்லை. ஆத்தா சும்மா இருந்தார். அவ்வளவுதான்.

இவர் கற்பனை ஆத்தா. ஆனால் இவரைப் போன்றவர்கள் நம் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படியே, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள்.

சும்மா இருப்பது சுகமா?

உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வு சுகம். ஆனால் நாள் முழுவதும் ஓய்வு, மாதம் முழுவதும் ஓய்வு என்றால் அது சுகம் அல்ல.

அசையாத தசை மெலிகிறது. மடக்காத மூட்டு இறுகுகிறது. கால் பலம் குறைந்தால் தடுமாற்றம் வருகிறது. தடுமாறினால் விழும் பயம் வருகிறது. விழுவோம் என்று பயந்தால் நடப்பது இன்னும் குறைகிறது. நடக்காததால் கால் இன்னும் பலம் இழக்கிறது. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும்!

பகலில் கண் அயர்ந்தால் இரவில் தூக்கம் வராது. இரவு விழித்திருந்தால் பழைய கவலைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். "நான் யாருக்கும் பிரயோசனம் இல்லை" என்ற நினைப்பு வந்துவிட்டால், சாப்பாடும் இறங்காது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. மாத்திரை அல்ல, ஊசி அல்ல. வேலையே மருந்து!

இந்த வைத்தியத்துக்கு "ஆக்குபேஷனல் தெரபி" என்று பெயர். தமிழில் "தொழில்வழிச் சிகிச்சை" என்று சொல்லலாம். இங்கே தொழில் என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டும் அல்ல. பல் துலக்குவது, உடை உடுத்துவது, சாப்பிடுவது, கோலம் போடுவது, பூக்கட்டுவது, பேரனுக்குக் கதை சொல்வது எல்லாமே தொழில்தான். ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாக் காரியமும் இதில் அடங்கும்.

நோயாளி கண்ட வைத்தியம்

இந்த வைத்தியம் வளர்ந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒருவர் இருந்தார். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். அவரைக் காசநோய் பிடித்தது. பிறகு காலில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் உடம்பின் இடது பக்கம் செயல் இழந்தது.

பார்ட்டன் தோட்ட வேலை செய்தார். தச்சு வேலை செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். "எனக்குக் குணம் தந்த வேலை பிறருக்கும் குணம் தராதா?" என்று யோசித்தார்.

1914-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டைத் திறந்தார். அதற்கு "ஆறுதல் இல்லம்" என்று பொருள்படும் பெயர் வைத்தார். 1917 மார்ச் மாதம் அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். தொழில்வழிச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்போது நடந்துகொண்டிருந்த முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் இந்த வைத்தியம் கைகொடுத்தது.

எலிசபெத் கமலா ஆனார்

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி.

அவர் 1900-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். பெயர் எலிசபெத் லண்டி. 1930-ல் விஷ்ணு நிம்ப்கர் என்ற இந்தியரை மணந்தார். இந்தியாவுக்கு வந்தார். கமலா நிம்ப்கர் ஆனார்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அமெரிக்காவுக்குப் போய் இந்தப் படிப்பைப் படித்தார். "இந்த வயதில் படிப்பா?" என்று அவர் தயங்கவில்லை. திரும்பி வந்து, 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்திய சங்கத்தையும் அமைத்தார். அதே ஆண்டு 10 நாடுகள் கூடி இந்தத் தொழிலுக்கு ஓர் உலகச் சம்மேளனம் கண்டன. அந்தப் பத்தில் இந்தியாவும் ஒன்று!

இன்று தமிழ்நாட்டிலும் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. திருப்பூருக்குப் பக்கத்தில், கோவையிலேயே படிக்கலாம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது.

என்ன செய்வார்கள்?

பிசியோதெரபி தெரியும். அதுவும் இதுவும் ஒன்றா? இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. கையைத் தூக்கவும் மடக்கவும் பிசியோதெரபி பலம் தேடித் தருகிறது. அந்தக் கையால் ரவிக்கை பொத்தானைப் போடுவது எப்படி, டம்ளரைப் பிடிப்பது எப்படி என்று தொழில்வழிச் சிகிச்சை பார்க்கிறது.

இல்லத்துக்கு வரும் சிகிச்சையாளர் முதலில் பேசுவார். "என்ன வேலை பார்த்தீர்கள்? காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? எது முடியவில்லை? எதைச் செய்ய ஆசை?" என்று கேட்பார். பிறகு பெரியவர் எழுவதையும் நடப்பதையும் சாப்பிடுவதையும் கூடவே இருந்து கவனிப்பார்.

அதன்பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வார்.

கரண்டிக் காம்பு மெல்லியதாக இருந்தால் பலம் இல்லாத கையில் நிற்காது. அதன்மேல் துணியைச் சுற்றித் தடிமன் ஆக்கினால் நிற்கும். திருப்பூரில் பனியன் துண்டுக்கா பஞ்சம்?

தட்டு நழுவுகிறதா? அடியில் ஈரத் துணியை விரித்தால் நழுவாது.

ஒரு கை பலம் இழந்தவர் சட்டை போடும்போது, பலம் இல்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இது தெரிந்தால் பிறர் உதவி இல்லாமலே உடுத்தலாம்.

நாற்காலி தாழ்வாக இருந்தால் எழுவது கஷ்டம். உட்காரும்போது பாதம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். பிடித்து எழ இரண்டு பக்கமும் கைகள் வேண்டும். குளியலறையில் பிடிமானக் கம்பி வேண்டும். தரை ஈரமாக இருக்கக்கூடாது. இரவில் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும்.

இவை பெரிய செலவா? இல்லை. ஆனால் ஒரு பெரியவர் தானே எழுந்து, தானே குளித்து, தானே உடுத்தினால் அவர் முகத்தில் தோன்றும் களையைப் பாருங்கள்!

ஷிப்டுக்குப் போகும் அப்பாரு

மறதி நோய் வந்தவர்களுக்கும் இந்த வைத்தியம் உண்டு.

விசைத்தறியில் வேலை பார்த்த ஓர் அப்பாரு என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆனால் எழுந்துவிடுகிறார். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வாசலுக்குப் போகிறார். "வேலையை விட்டு இருபது வருஷம் ஆச்சுங்க" என்று சொன்னால் கோபம் வருகிறது. கதவைப் பூட்டினால் கதவைத் தட்டுகிறார்.

சிகிச்சையாளர் என்ன செய்வார்? அப்பாருவிடம் வாதாட மாட்டார். அந்த நேரத்தில் ஒரு மேஜையில் துவாலைகளை வைப்பார். "இதை மடிச்சுக் குடுங்க அப்பாரு. உங்க கை பட்டாத்தான் சரியா வரும்" என்பார். கை பழகிய வேலை பல நேரம் மறதியையும் தாண்டி நிற்கும். அப்பாரு மடிப்பார். மனம் அமைதி ஆகலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் பலிக்காது. ஒருவருக்குத் துணி மடிப்பது பிடித்தால், இன்னொருவருக்கு நடப்பது பிடிக்கும்.

செடி சொன்ன பாடம்

1976-ல் அமெரிக்காவில் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் எலன் லாங்கர். மற்றவர் ஜூடித் ரோடின். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் மனையில் 91 பேரிடம் நடந்த சோதனை அது.

ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்கள். விருப்பப்பட்டவர் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, தாமே வளர்க்கலாம் என்றார்கள்.

இன்னொரு மாடியில், "உங்களை நாங்கள் நன்றாகக் கவனித்துக்கொள்வோம்" என்றார்கள். செடியும் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்சு!

மூன்று வாரம் கழித்துப் பார்த்தார்கள். தாமே முடிவு செய்தவர்களும் தாமே செடி வளர்த்தவர்களும் அதிக உற்சாகத்தோடு இருந்தார்கள். மற்றவர்களில் பலர் முன்பைவிடத் தளர்ந்து காணப்பட்டார்கள்.

இரண்டு மாடியிலும் செடி இருந்தது. ஒரு மாடியில் பொறுப்பும் இருந்தது.

இது சிறிய சோதனை. ஆனால் 1997-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியும் இதே திசையைக் காட்டியது. லாஸ் ஏஞ்சல்சில் குடியிருப்புகளில் வாழ்ந்த, 60 வயது தாண்டிய 361 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் தொழில்வழிச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு விளையாட்டு, சினிமா, கைவேலை என்று பொழுதுபோக்கு. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை.

முடிவு என்ன? சிகிச்சை பெற்றவர்கள் உடல்நலத்திலும் மனநலத்திலும் மேலாக இருந்தார்கள். பொழுதுபோக்கு மட்டும் கிடைத்தவர்களோ, ஒன்றும் கிடைக்காதவர்களைவிட மேலாக இல்லை!

இல்ல நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். டெலிவிஷனைப் போட்டுவிட்டு, மாதம் ஒரு பாட்டுக் கச்சேரி வைத்துவிட்டு, "எங்கள் இல்லத்தில் பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட முடியாது.

எல்லா இடத்திலும் பலிக்கிறதா?

இல்லை. அதையும் மறைக்கக்கூடாது.

பிரிட்டனில் 228 இல்லங்களில், பக்கவாதம் வந்த 1,042 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2015-ல் முடிவு வெளியானது. மூன்று மாதம் தொழில்வழிச் சிகிச்சை கொடுத்தும், அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதில் முன்னேற்றம் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே மிகவும் தளர்ந்துபோனவர்கள்.

ஆகவே காலம் கடத்தக்கூடாது. பெரியவர் படுக்கையில் விழும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு சிகிச்சையாளரை அழைத்தால் அவர் மந்திரமா போடுவார்? இல்லத்தில் சேர்ந்த முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். சிகிச்சையாளர் வழி காட்டிவிட்டுப் போவார். தினமும் கூட இருப்பவர் ஆயாதான். அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வேலை வாங்காதீர்கள்!

திருப்பூர் போன்ற தொழில் ஊரில் ஓர் எச்சரிக்கை அவசியம்.

"வேலைதானே மருந்து? கம்பெனியிலிருந்து பிசிறு வெட்ட பனியன் வாங்கி வருவோம். டஜனுக்கு இவ்வளவு என்று இல்லத்துக்கு வருமானமும் வரும்" என்று யாராவது கணக்குப் போடலாம். அது வைத்தியம் அல்ல. வயதானவரிடம் வேலை வாங்குவது!

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான்கு கேள்விகள் கேளுங்கள்.

அந்த வேலையைப் பெரியவரே விரும்பி எடுத்தாரா?

"போதும்" என்று சொன்னால் உடனே நிறுத்தலாமா?

அதனால் அவர் கைக்கும் மனதுக்கும் நன்மை உண்டா?

காசு வந்தால் அது அவர் கைக்குப் போகிறதா?

நான்குக்கும் "ஆமாம்" என்ற பதில் வர வேண்டும். ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் அதை நிறுத்திவிட வேண்டும்.

ஆபத்தையும் பார்க்க வேண்டும். இருமல் உள்ளவர் பஞ்சுத் தூசியில் உட்காரக்கூடாது. மறதி உள்ளவரிடம் கத்தரிக்கோலும் ஊசியும் கொடுத்துவிட்டுத் தனியே விடக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று அது சொல்கிறது. திருப்பூர் 2009-ல் தனி மாவட்டம் ஆனது.

இல்லங்களில் மருத்துவ வசதியும் பொழுதுபோக்கு வசதியும் வேண்டும் என்று அந்தச் சட்டம் பேசுகிறது. நல்லது. ஆனால் மருந்து சாப்பிடும் நேரத்துக்கும் டெலிவிஷன் பார்க்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு நீண்ட பகல் இருக்கிறதே! அந்தப் பகலைப் பெரியவர் எப்படிக் கழிப்பார்? அதைத்தான் தொழில்வழிச் சிகிச்சை கவனிக்கிறது.

அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? சாப்பாடு எப்படி, கட்டில் எப்படி, மாதம் எவ்வளவு ரூபாய் என்று மட்டும் கேட்காதீர்கள். "இங்கே நாள் முழுவதும் என்ன செய்வார்கள்?" என்றும் கேளுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் வருகிறாரா என்று கேளுங்கள். பெரியவர்கள் தாங்களே செய்யும் காரியம் எது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஆத்தா கேட்டது என்ன?

நம் ஆத்தாவிடம் திரும்புவோம். அவர் இல்லத்துக்கு ஒரு சிகிச்சையாளர் வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். இளம் பெண். ஆத்தாவின் கதையைக் கேட்டாள். முப்பது வருடம் பனியன் கம்பெனி! அடுத்த நாள் ஒரு கட்டு பனியனைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆத்தா, உங்க பழைய வேலைங்க. பிசிறு எடுக்கலாமுங்களா?"

ஆத்தா பனியனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"முப்பது வருஷம் இதையேதான் பாத்தேன் கண்ணு. இன்னுமா?"

"அப்புறம் என்னங்க வேணும்?"

"ரெண்டு கனகாம்பரச் செடி வேணும். பூப் பறிச்சுக் கட்டணும். கம்பெனிக்குப் போற அவசரத்துல எனக்குப் பூக்கட்ட நேரமே இல்லாமப் போச்சு."

செடி வந்தது. ஆத்தா குனிய வேண்டாம் என்று, தொட்டிகளை இடுப்பு உயரத் திண்டில் வைத்தார்கள். முதலில் நல்ல கையால் தண்ணீர் ஊற்றினார். பிறகு பலம் இல்லாத கையால் பூப் பறிக்க முயன்றார். தினம் நாலு பூ. பிறகு எட்டு. செடியைப் பார்க்க எழுந்தார். எழுந்ததால் நடந்தார். ஒருநாள் கோணல்மாணலாக ஒரு முழம் கட்டி முடித்தார். அதை ஆயாவின் தலையில் வைத்தார்.

"நீங்க சும்மா உக்காருங்க ஆத்தா" என்று ஆயா அன்றைக்குச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கலாம். இல்லத்திலும் இருக்கலாம். இன்று அவர் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்ய ஆசை?" என்று கேளுங்கள்.

அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.